பருவும் கட்டியும் ஒன்றா?

தமிழில் மருத்துவம் பேசச் சொல்லில்லை என்பார் இன்றும் உளர். முகத்தில் ஒன்று எழுந்தால் அவர்க்கு அது ‘பிம்பிள்’. தோல் தடித்தால் ‘அலர்சி’. உடலுள் ஒன்று திரண்டால் ‘டியூமர்’. உடம்பு தமிழுடம்பு, அதில் எழும் புடைப்புக்கு மட்டும் ஆங்கிலப் பெயரா?

தோலின்மேலும் தோலுக்கடியிலும் எழும் சிறு வீக்கங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள். பருத்தெழுவது பரு, பருமையும் பருமனும் அதன் உடன்பிறப்புகள். நீர் கோத்து எழுவது கொப்புளம். கொப்புள், மொக்குள் என்பன நீர்க்குமிழியையும் குறிக்கும். நாலடியார் நிலையாமைக்கு உவமை காட்டுவது மழைநீர் மொக்குளையே. வேர்வையால் பொரிவது வேர்க்குரு. அடிபட்ட இடத்தில் எழுவது புடைப்பு. கடித்தது எதுவெனக் காணாமலே தோல் தடித்து அரிப்பது காணாக்கடி. காலில் புண்பட்டால் தொடையிடுக்கில் திரள்வது நெறிக்கட்டு. இறுகிச் சிவந்து, வலித்துப் பழுத்து, உடைந்து சீழ் வடிவது கட்டி. பல கண் வைத்து ஆழ ஊன்றுவது பிளவை. வலியின்றி மெல்ல வளர்வது கழலை.

இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. ஒவ்வொரு பெயரும் தோற்றத்தையோ கரணியத்தையோ முடிவையோ உணர்த்தி நிற்கிறது. பெயரைச் சொன்ன அளவிலேயே நோயின் பாதி விளங்கிவிடும்.

குரு என்றவுடன் வடமொழியின் ஆசானையே நினைப்பார் பலர். கொப்புளத்தைக் குறிக்கும் குரு அதனின் வேறு. அது நம் சொல். மலையாளத்தில் குரு என்பது கொப்புளத்தையும் விதையையும் குறிக்கும். கன்னடத்திலும் குருவே கட்டிக்குப் பெயர். தெலுங்கில் அது ‘பு’ ஈறு பெற்று வழங்கும். நான்கு உடன்பிறப்பு மொழிகளில் உயிரோடிருக்கும் சொல்லை அயற்சொல் என எண்ணி நாமே விலக்குவது எத்துணைப் பேதைமை!

இவ்வளவு சொல்லிருந்தும் இன்று எல்லாமே ‘கட்டி’ ஆகிவிட்டன. இது வெறும் சொற்பூசல் அன்று, உயிர்க்கேடு. ‘மார்பில் கட்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்’ என்று ஓர் அறிவிப்பு எழுதுகிறோம் என வைத்துக்கொள்வோம். ஊர்ப்புறத் தாய்க்குக் கட்டி என்றால் அது வலிக்க வேண்டும், பழுக்க வேண்டும், உடைய வேண்டும். வலியற்ற திரட்சியை அவள் கட்டியெனக் கொள்ளாள். கொண்டாலும், பற்றுப் போட்டுப் பழுக்கட்டும் என்று காத்திருப்பாள். மார்பகப் புற்றோ, தொடக்கத்தில் பெரும்பாலும் வலியற்ற திரட்சியாகவே தோன்றுவது. திரட்சியெல்லாம் புற்றன்று, ஆயினும் எது புற்று, எது அன்று என்பதை மருத்துவரே ஆய்ந்து சொல்லல் வேண்டும். ‘வலியில்லாத கழலையையும் உடனே காட்டுங்கள்’ என்று எழுதியிருந்தால் அத்தாய் காத்திராள். ஒரு சொல் பிழைத்தால் ஓர் உயிர் பிழைக்காமற் போகலாம்.

நம்மவர் குறையும் இதில் உண்டு. அதையும் மறைக்காமற் சொல்வோம். ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் புதுச்சொல் புனைய விரைகிறோம். பரு என்றும் கொப்புளம் என்றும் ஊரே வழங்க, ‘சிறுவீக்கம்’ என்று எழுதிவிட்டுத் தனித்தமிழ் வென்றதென மகிழ்கிறோம். தூய்மையில் அதற்குக் குறையில்லை; ஆனால் இருக்கும் இரு சொற்களை அது மழுங்கடிக்கிறது. இல்லாத சொல்லைப் புனைவது தொண்டு. இருக்கும் சொல்லை மறந்து புனைவது வீண்.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்த அயலவர்க்குப் போதிய தமிழ், தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குப் போதாதென்பது யார் குறை? தமிழின் குறையன்று.

அன்பர்களே! உங்கள் ஊர் முதியோரிடமும் மருத்துவச்சியரிடமும் கேளுங்கள். உடலில் எழும் ஒவ்வொரு புடைப்புக்கும் அவர்கள் வழங்கும் பெயரை எழுதுங்கள். பெயரோடு நில்லாது, எங்கு எழும், வலிக்குமா, உள்ளிருப்பது நீரா சீழா, எவ்வாறு ஆறும் என்பனவற்றையும் குறித்து வையுங்கள். அவர்கள் மறைந்தால் அச்சொற்களும் உடன் மறையும்.

நோயைச் சொல்லத் தெரிந்தவனுக்கே மருந்து கேட்கத் தெரியும். அந்தச் சொல்லை நம் மக்கள் நாவில் மீண்டும் அமர்த்துவோம்!