பூசாரியின் மகளும் பூர்வீகத் தேடலும்

மூதாதையரைத் தேடுவது இன்று உலகெங்கும் பரவிவிட்ட ஒரு வேட்கை. அமெரிக்காவில் முற்காலத்தே குடியேறிய அயர்லாந்துக்காரர்களின் வழிவந்தோர், கப்பல் பயணிகள் பட்டியலையும் தேவாலயப் பதிவேட்டையும் புரட்டித் தங்கள் முதற்பாட்டனின் ஊரைக் கண்டடைகிறார்கள். ஆயினும் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது, 1821 முதல் 1851 வரையிலான அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தாள் அழிந்த இடத்தில் எஞ்சியவை கல்லறைக் கல்லும் பாட்டி சொன்ன கதையும்தான்.

நம் கொல்லிமலைக்கும் இத்தகைய குடியேறியின் கதை ஒன்று உண்டு. ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயர் 1907இல் சமயப் பணியாளராக இந்தியா வந்தார். 1913இல் எவெலினை மணந்து இம்மலையேறினார். இன்றுள்ள 70 கொண்டை ஊசி வளைவுச் சாலை அன்று இல்லை. நடையும் டோலியுமே வழி. அவர்களுடைய மகன் பால் பிராண்டு 1914இல் பிறந்தார். ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றுக்கு இரையானார். மகனோ வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்று, 1966இல் அமெரிக்கா சென்று, 2003இல் மறைந்தார். எவெலின் 1974இல் தம் 95ஆம் வயதில் காலமாகி, இம்மலையிலேயே கணவருக்கருகில் அடக்கமானார்.

இக்குடும்பத்தின் வரலாற்றை எழுதுவது எளிது. கடிதங்கள் உள்ளன, வாழ்க்கை வரலாற்று நூல்கள் உள்ளன, நாளும் ஆண்டும் பிசகாமல் கிடைக்கின்றன. ஆனால் அதே கதைக்குள் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. இன்ஃபுளுவென்சா பரவிய காலத்தில் நோயில் கிடந்த மலைப்பூசாரி ஒருவர், முன்பு தாம் எதிர்த்துநின்ற அந்தத் தம்பதியிடமே தம் பெண்குழந்தையை ஒப்படைத்துவிட்டு இறந்தார். அவர்கள் அதனை வளர்த்தார்கள். வாழ்க்கை வரலாறுகளில் இந்நிகழ்ச்சி துரையின் கருணைக்குச் சான்றாக வருகிறது. கருணை மெய்தான், அதை மறுப்பது நம் நோக்கமன்று. நாம் கேட்பது வேறு. அந்தப் பூசாரி எந்த ஊரார்? எந்தக் குலத்தார்? அவருடைய பங்காளிகள் யார்? பிராண்டு குடும்பத்தின் கொடிவழியை வரைவோர் இக்கேள்விகளையும் கேட்காதவரை அவ்வரலாறு பாதி வரலாறே.

விடை சொல்லும் ஆற்றல் மலையில் இல்லாமலில்லை. அரியூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெரியவர் ஒருவரிடம், “ஐயா, உங்கள் முன்னோர் பெயர் நினைவிருக்கிறதா?” என்றோம். தகப்பன், பாட்டன், பூட்டன் என ஐந்து தலைமுறையை மூச்சுவிடாமல் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையிலும் பெண் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதையும் சேர்த்தே சொன்னார். பங்காளி வீட்டில் பெண்கொள்ளாத சமூகத்தில் இது வெறும் ஞாபகமன்று. திருமணத்தை நடத்தும் சட்டம்.

வாய்மொழி நம்பத்தக்கதன்று என்பார் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பியர் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை எனப் பிரிந்து குடியேறினர் என்பது மலையாளி மக்களின் தோற்றக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்கள் பற்றிய தொகுதிகளில் அதை எழுதிவைத்தார். அன்றுமுதல் அது ‘ஆதாரம்’ ஆயிற்று. சொன்ன வாய் ஒன்றுதான். எழுதிய கை மாறியதும் மதிப்பும் மாறிவிட்டது. வல்வில் ஓரியை நாம் அறிந்திருப்பதும் புலவர் பாடி, அதை யாரோ ஏட்டில் எழுதிக் காத்ததனாலன்றோ?

இதனை ஏட்டறிஞரின் ஆசை என்று ஒதுக்கிவிட இயலாது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் மாணவனிடம் தந்தையின் சான்று கேட்கப்படுகிறது. பள்ளி வாசலையே மிதிக்காத பாட்டனுக்கு ஏது தாள்? அவனுடைய பூர்வீகம் முழுதும் ஒரு கிழவரின் நாவில் இருக்கிறது. அந்நா ஓய்ந்தால் நமக்கும் ஒரு டப்ளின் தீதான், புகைகூட எழாது.

ஆகவே தமிழ்த்துறைகளுக்கு ஒன்று சொல்வோம். முதுகலை மாணவர் ஆண்டுதோறும் நூலகத்தில் அமர்ந்து பழைய ஆய்வேடுகளையே மறுபடி எழுதுவதைவிட, ஒருவர் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, ஊர்தோறும் குலவழிகளைச் சொல்வோரின் இசைவுடன் கேட்டு எழுதட்டும். எழுதியதன் படி ஒன்றை அந்த ஊரிலேயே வைத்துவிட்டு இறங்கட்டும். துரையின் பேரப்பிள்ளைகள் என்றேனும் வேர்தேடி மலையேறிவந்தால் பாட்டன் பாட்டியின் கல்லறையை நாம் காட்டலாம். பூசாரியின் மகள்வழிப் பேரப்பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கும் நம்மிடம் ஏதேனும் இருக்கவேண்டும்.