ஊற்று நீரும் உண்மை மொழியும்

நோய் தீர்க்கும் நீரால் புகழெய்திய ஊர் ஒன்று, ஒரு பெருங்கவிஞரின் உயிர் பிரிந்த இடமாகவும் நினைக்கப்படுகின்றது. ருஷ்யாவின் தெற்கே, கோக்கசஸ் மலைத்தொடரின் வட அடிவாரத்தில் அமைந்த பியாத்திகோர்ஸ்க் நகரையே குறிப்பிடுகின்றேன். அந்நகரைச் சென்று கண்டபோது என் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களை ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய எம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

1780இல் ஒரு கோட்டையைச் சார்ந்து தோன்றிய ஊர் இது. அருகே ஐந்து சிகரங்களுடன் நிற்கும் பெஷ்தவு மலையே இதற்குப் பெயரளித்தது. மஷுக் மலைச்சரிவில் கந்தக வெந்நீர் ஊற்றுக்கள் சுரக்கின்றன. வானம் தெளிந்த நாளில், 5,642 மீற்றர் உயர்ந்த எல்புரூஸின் வெண்பனி முடி தெற்கே தோன்றும். ஊற்று நீரை நானும் பருகினேன். அதன் நாற்றம் முகத்தைச் சுளிக்கச் செய்தது. ஆயினும், அந்நீரை நாடியே மக்கள் இரு நூற்றாண்டுகளாக இங்கு வருகின்றனர்.

சிறுவனாயிருந்தபோது உடல்நலம் வேண்டிப் பாட்டியாருடன் 1825இல் இங்கு வந்தவர் மிகயீல் லெர்மொந்தவ். புஷ்கினின் மரணம் குறித்துப் பாடிய கவிதைக்காக 1837இல் அவர் கோக்கசஸுக்கு அனுப்பப்பட்டார். 1840இல் வெளிவந்த ‘நம் காலத்து நாயகன்’ என்னும் நாவலில் இவ்வூரையே ஒரு களமாக்கினார். நீராட வந்த சீமான்களின் சோம்பலையும் செருக்கையும் பொய்க் காதலையும் அதில் தோலுரித்துக் காட்டினார். உடல்நோயைக் கழுவிய நீர் அவர்தம் உள்ளத்து நோயைக் கழுவவில்லை. கதையை நாயகனுக்கான புகழ்மாலையென்றும் ஆசிரியரின் சுயசரிதையென்றும் சிலர் கருதினர். அதற்கு 1841இல் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் விடையிறுத்த அவர், நோயைச் சுட்டிக்காட்டுவதே போதும் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

அதே ஆண்டு யூலையில், பழைய படைத்துறைத் தோழர் ஒருவருடன் மஷுக் மலையடிவாரத்தில் நிகழ்ந்த துவந்த யுத்தத்தில் அவர் மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறே.

பின்னர் 1889இல் அவருக்குச் சிலை எழுந்தது. இறுதி நாட்களில் அவர் தங்கிய, நாணற்கூரை வேய்ந்த சிறுவீடு 1912இல் நூதனசாலையாயிற்று. அவ்வீட்டின் முன் நின்றபோது மகிழ்வும் துயரமும் ஒருங்கே என்னை ஆட்கொண்டன. மாண்ட கவிஞருக்குச் சிலையெடுப்பது எளிது. வாழும் எழுத்தாளரின் கசப்பான மொழியைப் பொறுப்பதே அரிது.

நாற்றத்தைப் பொருட்படுத்தாது ஊற்று நீரைப் பருகுகின்றோம், அது நலந்தரும் என்னும் நம்பிக்கையால். நம் குறைகளை உரைக்கும் நூலை மட்டும் முதல் மிடறிலேயே உமிழ்ந்து விடுவது எவ்வாறு தகும்? புதிய நூலொன்றை மதிப்பிடப் புகும் விமர்சகரும், அதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லும் ஆசிரியரும் இவ்வினாவைத் தம்முள் எழுப்புவாராக. இனிக்கின்றதா என்று கேட்குமுன், உண்மையா என்று கேட்போம்.