உடம்பின் கணக்கைத் தமிழில் எழுதுவோம்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு மலைச்சரிவுகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில் நீரிழிவு நோயாளி ஒருவரேனும் இல்லாத வீடு அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது. கேரளத்தில் அந்த அளவு 25ஐத் தாண்டியது.

இந்நிலையில், உடல்நலத்தைத் தாமே கண்காணிப்பதற்கென்று விலையுயர்ந்த கருவிகள் சந்தைக்கு வந்துள்ளன. அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று. கையில் ஒட்டிக்கொண்டு இரு வாரங்கள் சர்க்கரையை ஓயாமல் காட்டும் உணரி மற்றொன்று. இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களுக்கு இரண்டாவது கருவி பெரும் துணை. ஏனையோரில் பெரும்பாலானோருக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் தையற்காரரின் அளவு நாடாவும் போதும் என்பதே என் கருத்து.

இதற்குச் சான்று சென்னையிலிருந்தே கிடைக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் சீர்செய்துகொள்ள இடைவிடாது ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது 39. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறத்தாழ அதே பயனையே தந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, நடையால் பயன்பெற்ற அக்குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை என்பதாகும். எடை இயந்திரத்தை மட்டும் நம்பி, ஒரு மாதத்தில் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடுபவர், கைக்கு வரவிருந்த பயனை இழக்கிறார்.

அதே குழுவினர் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைபேசியில் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நீரிழிவு வந்தது. படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய சில வரிகளின் வலிமை அது.

எல்லைப் பகுதித் தமிழர்க்குத் தடை ஏற்படுவதும் இங்கேதான். கேரளத்தில் நலவாழ்வுக் குறிப்புகள் பெரும்பாலும் மலையாளத்திலேயே கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்த மூத்தோர் பலருக்கு அவ்வெழுத்து வாசிக்க வராது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் மிகுந்த பகுதிகளின் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள உரிமை தருகிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி, தமிழில் அச்சிட்ட பதிவட்டை கேட்பது நியாயமான கோரிக்கை. அட்டை வரும்வரை நோட்டில் நாமே எழுதலாம்.

எழுத வேண்டியவை சிலவே. மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இரத்த அழுத்தம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை: 5.7 எச்சரிக்கை, 6.5 நோய். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் பிழையாகக் காட்டக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுதல் நன்று. நாள்தோறும் நடந்த நிமிடங்களையும், தட்டில் இட்ட சோற்றையும் குறிக்கலாம். (சித்தூர்ப் பக்கத்து அன்பர்கள் கள்ளின் கணக்கை மட்டும் மறந்துவிடலாகாது.)

எல்லோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. தேயிலைச் சரிவில் நாளெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் நடக்கச் சொல்வது கேலியாகும். ஆனால் பணி ஓய்வு பெற்ற மறுநாளே அவரது ஏற்றமும் இறக்கமும் நின்றுபோகின்றன. சோற்றின் அளவோ மாறுவதில்லை. நோட்டைத் தொடங்க ஏற்ற நாள் அதுவே. பாலக்காட்டுக் கோடையில் நடைக்கு உரிய நேரம் விடியற்காலை.

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே சிறிது சர்க்கரை உட்கொண்டு, அது நேர்ந்த மணியையும் நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது அவர் பொறுப்பு.