உண்டும் தேயும் உடல்

"வேளை தவறாமல் சமைத்துப் போடுகிறேன், உடம்பில் ஒட்டவே இல்லை" என்று கணவரைக் குறித்து வருந்துகிறீர்களா? அவர் பல்லாண்டுகள் குடித்தவராயின், குறை உங்கள் சமையலில் இல்லை.

உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவுவது கல்லீரல் சுரக்கும் பித்தநீர். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால் அது குடலுக்குப் போதிய அளவு வருவதில்லை. கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் வீணாகின்றன. மாலைக்கண், எலும்பு மெலிவு, ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவை தலைகாட்டலாம்.

இதனினும் கொடியது தயாமின் என்னும் பி1 வைட்டமின் குறைவு. குடல் அதனை உறிஞ்சுவதை மதுவே தடுக்கிறது. குறைவு முற்றினால் பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். வீட்டாரோ, "இன்றும் குடித்துவிட்டார்" என்று கதவைச் சாத்திவிடுகின்றனர்! இந்நிலையில் தயாமின் கொடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு மிகலாம். ஆகவே குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி மறைப்பது நம் குடும்பங்களில் சற்று அதிகம்தான். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குச் சென்று உள்ளதை உள்ளபடி கூறுங்கள். குடியை நிறுத்தியே ஆக வேண்டும்; ஆனால் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அதுவும் மருத்துவர் மேற்பார்வையில் நடக்கட்டும்.

பத்தியம் என்று கஞ்சியை மட்டும் ஊற்றுவது பழைய தவறு. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். முட்டை, பயறு, நிலக்கடலை, மோர், மணமேல்குடிக் கரையில் இறங்கும் மீன் யாவும் நல்லவையே. வயிற்றில் நீர் கோத்தவருக்குக் கருவாடும் ஊறுகாயும் ஆகா. அந்த நீர் எடையைக் கூட்டிக் காட்டி ஏமாற்றும். தராசை நம்பாமல் புயத்தையும் கன்னப்பொறியையும் பாருங்கள்.

நலமான கல்லீரல் இரவுக்கென்று சர்க்கரையைச் சேமித்து வைக்கும். நோயுற்ற கல்லீரலால் அது இயலாது. ஓர் இரவுப் பட்டினியே அவருக்கு இரண்டு மூன்று நாள் பட்டினிக்கு ஒப்பாகித் தசையைக் கரைத்துவிடும். எனவே நோய் முற்றியவர் ரமளானில் நோன்பு நோற்பது ஆபத்தானது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஊரார் பேச்சுக்காக அதனை மறுக்க வேண்டாம். ஸஹருக்கு அவரை எழுப்பாதீர்கள். இரவு படுக்குமுன் இரண்டு ரொட்டியும் ஒரு தம்ளர் பாலும் கொடுங்கள். பகலிலும் மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை ஏதேனும் உண்ணச் செய்யுங்கள்.