ஓசை எழுப்பும் முழங்காலும் ஓட்டத்தை நிறுத்தும் அச்சமும்

பள்ளிவாசலின் அமைதியில் சிறிய ஓசையும் பெரிதாகவே கேட்கும். அண்மையில் என் புறநோயாளர் அறைக்கு வந்த நாற்பத்தேழு வயது அன்பர் ஒருவர் தம் குறையை அங்கிருந்துதான் தொடங்கினார். அவருடைய இசைவுடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். அதிகாலைத் தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழும்போதெல்லாம் அவருடைய வலது முழங்கால் கறகறவென்று ஒலிக்கிறதாம். தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் அக்கறையோடு விசாரிக்கிறாராம். கடமையான தொழுகைகளை மட்டும் கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள், 34 ஸஜ்தாக்கள். அத்தனை முறையும் தம் முழங்காலையே அவர் செவிமடுத்துக்கொண்டிருந்தார்.

வலி உண்டா என்று கேட்டேன், இல்லை. வீக்கமும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடித் திசை நோக்கி வாரத்தில் நான்கு நாள்கள் ஓடியவர். இரண்டு அரை மராத்தான்களை நிறைவு செய்தவர். ஆனால் ஒரு மாதமாக அவர் ஓடவில்லை. தொழுகையையும் நாற்காலியில் அமர்ந்தே நிறைவேற்றத் தொடங்கிவிட்டார். “காக்கா, இந்த வயசுல ஓட்டம் எதுக்கு? முட்டு தேஞ்சு போயிரும்” என்று தெருவில் ஒருவர் சொன்னதுதான் காரணம்.

அந்த அறிவுரையைச் சொன்னவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன்பு, இதே போன்ற ஒருவருக்கு நானே அதைத்தான் சொன்னேன். வலியற்ற ஓசை, எக்ஸ்ரேயில் சிறிய மாற்றம், “எதற்கும் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்” என்றேன். அவர் கீழ்ப்படிந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தபோது உடல் எடை பன்னிரண்டு கிலோ கூடியிருந்தது. நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டிருந்தார். முழங்காலில் அப்போதுதான் வலியும் வந்திருந்தது. ஓசை மட்டும் முன்பு போலவே இருந்தது. எச்சரிக்கை என்ற பெயரில் நான் கொடுத்தது தவறான மருந்து என்பதை அன்று உணர்ந்தேன். வலியோ வீக்கமோ இல்லாத முழங்காலின் ஓசைக்காக ஓட்டத்தையும் மிதிவண்டியையும் கைவிடலாகாது என்பதே இன்று என் உறுதியான கருத்து.

முழங்காலில் எழும் ஓசை எல்லாம் ஒரே வகையன்று. சில வேளைகளில் ‘டக்’ என்று ஒரே ஒரு சொடுக்கு கேட்கும். மீண்டும் மடக்கினால் உடனே கேட்காது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் கரைந்துள்ள வாயு, மூட்டுப் பரப்புகள் சட்டென விலகும்போது குமிழாகிறது. விரலில் நெட்டி முறிக்கும்போது நிகழ்வதும் இதுவே. மறுபடியும் ஒலிக்க ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்து, இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லையென்று எழுதினார். அதற்காக 2009இல் அவருக்கு இக் நோபல் என்னும் வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. ஒருவரின் கைகளைக் கொண்டு முடிவு கட்ட முடியாதுதான். ஆயினும் அந்தப் பொறுமையை மெச்சாமல் இருக்க இயலவில்லை.

நம் அன்பருக்குக் கேட்டது இந்தச் சொடுக்கு அன்று. ஒவ்வொரு மடக்கலிலும் நறநறவென்று உரசும் ஓசை அது. முழங்கால் சில்லு, தொடை எலும்பின் பள்ளத்தில் வழுக்கிச் செல்லும்போது அது பிறக்கிறது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு அங்குள்ள குருத்தெலும்பின் பரப்பு சற்றே சொரசொரப்பாவது இயல்பு, தலைமுடி நரைப்பதைப் போல. குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. ஆகவே ஓசை இருந்தும் வலி இருப்பதில்லை.

“மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது” என்று பலரும் சொல்வதுண்டு. முழங்காலைக் கதவுக் கீலாக எண்ணுவதால் வரும் பேச்சு இது. கீல் உழைக்க உழைக்கத் தேயும். குருத்தெலும்போ உயிருள்ள திசு. அதற்கு இரத்தக் குழாய்களும் இல்லை. காலில் பாரம் ஏறும்போது கடற்பஞ்சைப் பிழிந்தாற்போல் நீரை வெளிவிட்டு, பாரம் இறங்கும்போது சத்தோடு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அசைவே அதற்கு உணவூட்டும் வழி.

ஓசைக்குப் பொருளே இல்லை என்று கூறி உங்களை ஏமாற்றவும் விரும்பவில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, வலியுடன் கூடிய மூட்டுத் தேய்மானம் இல்லாத 3,495 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. முழங்காலில் எப்போதும் ஓசை கேட்பதாகச் சொன்னவர்களுக்கு, ஒருபோதும் கேட்காதவர்களைவிடப் பின்னாளில் அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இந்தச் செய்தி அச்சமூட்டுவதுதான். ஆனால் அவ்வாறு நோய்க்கு ஆளானவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேலானோர், தொடக்கத்திலேயே எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர்கள். ஓசை எழுந்தவர்களிலும் பெரும்பாலோர் நோயின்றியே இருந்தனர். தொடை வலிமையையும் உடல் எடையையும் இப்போதே கவனியுங்கள் என்னும் நினைவூட்டலாக ஓசையைக் கொள்ளலாம். நாற்காலியில் ஒடுங்கச் சொல்லும் ஆணையாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஓட்டம் முழங்காலைக் கெடுக்கும் என்னும் நம்பிக்கைக்கும் போதிய ஆதாரம் இல்லை. பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கும், ஓடாமல் அமர்ந்தே வாழ்கிறவர்களில் 10.2 பேருக்கும் இருந்தது. போட்டிக்காகவே ஓடும் உயர்நிலை வீரர்களில் அது 13.3 ஆக இருந்ததையும் மறைக்கக் கூடாது; ஆனால் நம் பகுதியில் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் அந்த வகையினர் அல்லர். சிகாகோ மராத்தானில் பங்கேற்ற 3,804 பேரிடம் நடத்திய ஆய்விலும், எத்தனை ஆண்டுகள், எத்தனை தொலைவு ஓடினார்கள் என்பதற்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. வயது, உடல் எடை, முன்பு பட்ட காயம் அல்லது அறுவை சிகிச்சை, குடும்ப வரலாறு ஆகியவற்றுக்கே தொடர்பு இருந்தது.

தமிழ்நாட்டினர் நன்கறிந்த சான்று ஒன்றும் உண்டு. 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் தம் முழங்கால் கடுமையாகக் காயமுற்றதையும், இனி ஓட இயலாது என்று கூறப்பட்டதையும் தாமே பொதுவெளியில் பகிர்ந்தவர். நடுவயதைக் கடந்த பின் ஓடத் தொடங்கி நூறுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை நிறைவு செய்தார். காயமுற்ற எல்லோரும் அவ்வாறு ஓடிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முழங்காலின் எல்லையை நாம் மிகவும் குறுக்கி வரைகிறோம் என்பதையே சொல்கிறேன்.

ஓசைக்கு அஞ்சியவர்கள் அடுத்து நாடுவது ஸ்கேன். ஐம்பது வயதைக் கடந்த, எக்ஸ்ரேயில் தேய்மானம் ஏதும் தெரியாத 710 பேருக்கு அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 89 பேருக்கு ஏதேனும் ஒரு மாறுபாடு காணப்பட்டது. வலி இல்லாதவர்களிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. ஆகவே, வலியற்ற முழங்காலை ஸ்கேன் செய்தால் அறிக்கையில் ஏதேனும் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைப் படித்த குடும்பம் உறங்காது. குளுக்கோசமைன் மாத்திரைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வலியுள்ள 1,583 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுமொத்தமாக அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. வலியே இல்லாதவர் அதற்குச் செலவிடும் பணத்தில் நல்ல ஓட்டக் காலணி வாங்கிக்கொள்ளலாம்.

எப்போது வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஓசையோடு வலி சேர்ந்தால் வாருங்கள். ஓடிய அன்றோ மறுநாளோ முழங்கால் வீங்கினால், மடக்கிய கால் சிக்கிக்கொண்டு நீள மறுத்தால், படியிறங்கும்போது கால் திடீரெனத் தளர்ந்து விழப் பார்த்தால் தாமதிக்க வேண்டாம். காலை முறுக்கியபோது ‘பட்’ என்று ஒலித்துச் சில மணி நேரத்தில் வீங்கினால் அன்றே வர வேண்டும். முழங்கால் சிவந்து சூடாகி, காய்ச்சலும் கண்டால் அது அவசரம், இரவானாலும் காத்திருக்கலாகாது.

இவை எதுவும் இல்லையென்றால் தொடையை வலுவாக்குங்கள். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக அமர்வது எளிய பயிற்சி. பத்துப் பத்தாக மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள்கள் போதும். ஓசை கேட்கும், கேட்கட்டும். எடை கூடியிருந்தால் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. நிறுத்தி வைத்த ஓட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், நடையோடு கலந்து சில வாரங்களில் மீட்டெடுங்கள். பாம்பன் பாலத்து ஏற்றம் வரை மிதிவண்டியில் செல்கிறவர்கள் இருக்கையைத் தாழ்வாக வைத்திருந்தால் சற்றே உயர்த்துங்கள். தாழ்ந்த இருக்கையில் முழங்கால் மிகையாக மடங்கிச் சில்லின் மீது அழுத்தம் கூடுகிறது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கணவரோ வாப்பாவோ எழும்போது முழங்கால் ஒலித்தால், “ஓடாதீர்கள்” என்பதற்கு முன் “வலிக்கிறதா?” என்று கேளுங்கள். அன்பினால் எழும் தடையை மீறுவதுதான் நோயாளிக்கு மிகக் கடினம். மருத்துவரின் சொல்லைவிட வீட்டார் முகத்தில் தெரியும் கவலைக்கே அவர் கட்டுப்படுகிறார்.

அந்த அன்பருக்கு ஸ்கேன் எழுதவில்லை. காலைச் சோதித்து, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பி, ஆறு வாரங்கள் கழித்து வரச் சொன்னேன். வந்தார். என் எதிரிலேயே குந்தி எழுந்து காட்டினார். மேசைக்கு இப்பால் இருந்த எனக்கே ஓசை நன்றாகக் கேட்டது. ஐந்து கிலோமீட்டர் வரை ஓடுகிறாராம். நாற்காலியை விட்டுத் தரையில் தொழுகிறாராம். பக்கத்தில் நிற்பவர் இன்னும் விசாரிக்கிறாரா என்று கேட்டேன். “அவருக்கும் சத்தம் கேட்குதாம் டாக்டர், அடுத்த வாரம் உங்ககிட்ட வர்றாரு” என்றார்.