இரண்டு பக்கெட் தண்ணீர்

தமிழ்நாட்டின் மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கட்டட வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சைட் இன்ஜினியராகச் சேர்ந்து, இப்போது திட்ட மேலாளர். ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கோரிக்கைக்கு வருகிறேன்.

சென்னைப் புறநகரில் மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். மணி பதினொன்று. நான்காவது ரெடிமிக்ஸ் லாரி வழியில் மாட்டிக்கொண்டு, கலவை ஏற்றி மூன்று மணி நேரம் கழித்து வந்து நின்றது. கலவை இறுகத் தொடங்கியிருந்தது, பம்ப் இழுக்கவில்லை. "ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினா சரியாயிரும் சார்" என்றார் டிரைவர். சென்ட்ரிங் மேலே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பொறுப்பில் இருந்த பையன் பட்டம் வாங்கி நான்கு மாதம் ஆனவன். கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்ற விதி அவனுக்குத் தெரியும். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டான்.

மேஸ்திரி ஓடிவந்து பக்கெட்டைப் பிடுங்கினார். லாரியைத் திருப்பி அனுப்பினார். போட்டவரைக்கும் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று என்னிடம் கேட்டு, அங்கே பலகை வைத்து அடைத்தார். மறுநாள் காலைக்கு ஆள் சொல்லிவிட்டுத்தான் டீ குடித்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்த வேலைக்குப் பெயர்தான் கட்டுமான மேலாண்மை.

இதற்குப் படிப்பு இல்லாமல் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் முதுகலைப் பட்டம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் தனிப் பிரிவே உண்டு. 1983இல் தொடங்கிய புணேயின் நிக்மார் நிறுவனம் இதற்கென்றே உருவானது. படித்தவர்களுக்கு வேலையும் பலவிதம். வேலைகளை நாள்கணக்கில் அடுக்கும் பிளானிங் இன்ஜினியர், அளவெடுத்துப் பணக்கணக்கு போடும் குவான்டிட்டி சர்வேயர், ஒப்பந்தம் பார்ப்பவர், தரக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அலுவலர் எனப் பட்டியல் நீளும். வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டம் வந்தபின் இவர்களின் மதிப்பு கூடியிருக்கிறது. வீடு முடித்துத் தரும் தேதியைப் பதிவுசெய்தாக வேண்டும். வாங்குபவரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். தேதி, பணம், தரம் மூன்றையும் ஒரே கையில் பிடிக்கத் தெரிந்தவர் இல்லாமல் இது நடக்காது.

சிக்கல், இளங்கலை மாணவன் சைட்டைப் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. விடுமுறையில் சில வாரம் வருகிறான். புது ஹெல்மெட்டோடு போட்டோ எடுக்கிறான். சான்றிதழுக்குக் கையெழுத்து கேட்கிறான். நாங்களும் போட்டுக் கொடுக்கிறோம். எங்கள் பங்குக் குற்றம் அது. கம்பி வந்து இறங்குவதைப் பார்த்தவன் கான்கிரீட் போடுவதைப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்தவன் முட்டுப் பிரிப்பதைப் பார்ப்பதில்லை. பில் எப்படிப் பாஸாகிறது, பீகாரிலிருந்து வந்த சென்ட்ரிங் ஆளிடம் எந்த மொழியில் பேசுவது என்பதெல்லாம் வேலைக்கு வந்தபின்தான்.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதன்பின் இத்துறையில் எவருக்கும் மேற்பார்வை என்பது லேசான சொல்லாக இல்லை.

ஆகவே என் முதன்மைக் கோரிக்கை இது. சிவில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பருவத்தை, ஆறு மாதத்தை, ஒரே சைட்டில் கட்டாயமாக்குங்கள். ஒரு தளமாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவர் கண்முன் எழும்பட்டும். தினமும் எழுதும் சைட் டைரிக்கே மதிப்பெண் கொடுங்கள். மாணவிகளும் வருவார்கள் என்பதால், கழிப்பறை இல்லாத சைட்டுக்கு அனுமதி தராதீர்கள். அந்த ஒரு நிபந்தனையால் சித்தாள் பெண்களுக்கும் நல்லது நடக்கும். பாடம் நடத்தக் களத்து ஆட்களை அழையுங்கள். 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, முறையான கல்வித் தகுதியை வற்புறுத்தாமல், பேராசிரியராக அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2022லேயே வழிவிட்டிருக்கிறது.

களத்தில் இறங்கிக் கற்பது புதுமையும் அல்ல. கிண்டிக் கல்லூரியின் வேர், 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. நிலத்தில் இறங்காமல் அளவை கற்றவர் யார்?

அந்தப் பையன் இப்போது வேறொரு சைட்டில் பிளானிங் பார்க்கிறான். கான்கிரீட் நாளில் முதல் லாரி வருவதற்கு முன்பே நிறுத்துப் பலகையையும் மாற்றுப் பம்ப்காரரின் நம்பரையும் தயாராக வைத்திருக்கிறான். அந்தப் பாடத்துக்கு அன்று ஆறு கனமீட்டர் கான்கிரீட் வீணானது. மேஸ்திரி ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் அதுவும் வீணாகியிருக்காது. அந்தத் தளத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு திட்ட மேலாளர்