வெகுமதி கேட்ட வீரர்கள்

ஆட்சி மாறினால் நீதி கிடைத்துவிடும் என நம்புவோருக்கு நான் ஓர் அமெரிக்கக் கதையை நினைவூட்டுவதுண்டு.

முதலாம் உலகப்போரில் பணியாற்றிய படைவீரர்களுக்கு 1924 இல் காங்கிரஸ் வெகுமதியொன்றை வாக்களித்தது. பெரும்பாலானோருக்கு அது 1945 இலேயே கிடைக்கவிருந்தது. பெருமந்தம் பட்டினியைக் கொணரவே, 1932 இல் பல்லாயிரக்கணக்கானோர் வாஷிங்டனில் குடிசையமைத்துத் தங்கி, அதனை உடன் வழங்குமாறு கோரினர். ஜூலை 28 இல் ஜனாதிபதி ஹூவர் இராணுவத்தை ஏவினார். ஜெனரல் மக்ஆர்தரின் துருப்புக்கள் தாங்கிகளுடனும் கண்ணீர்ப்புகையுடனும் வந்தன. குடிசைகள் எரிந்தன.

நவம்பரில் ஹூவர் தோற்றார். ஆனால், வென்ற ரூஸ்வெல்ட்டும் இவ்வெகுமதியை எதிர்த்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1936 இல் அவரது வீட்டோவை மீறியே காங்கிரஸ் அதனை வழங்கியது. விரட்டப்பட்ட பின்னரும் கோரிக்கையைக் கைவிடாத அவ்வீரர்களுக்கே அவ்வெற்றி உரியது என்பேன்.